நாய்க்கு மஞ்சள் கொடுக்கலாமா?

(ஸ்கந்தபுரத்தில் வீட்டுத்தோட்டங்களைப் பார்க்க வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடம், கால்நடைப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறீங்க. மலைக் குளிரை விட்டு வன்னி வெயிலுக்குள் வந்து மூன்று மணி நேரம் தோட்டமெல்லாம் நடந்தும் பார்த்துவிட்டீங்க. நான் நீளமாகப் பேசப் போவதில்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் பேச்சு மாறவில்லை. இங்கே உள்ளி என்பார்கள், அம்மா பூண்டு என்றுதான் சொல்வார். அந்தப் பூண்டைப் பற்றியும் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் மஞ்சள் பாத்தியில் நிற்கும்போது ஒரு அக்கா கேட்டார்: "ஐயா, எங்க வீட்டு நாய்க்கு மஞ்சள் குடுக்கலாமா? லண்டன்ல இருக்கிற எங்க தம்பி பொண்டாட்டி, அங்கே நாய்க்கு மஞ்சள் மாத்திரையே விக்கிறாங்கன்னு சொல்லுது." நல்ல கேள்வி. இன்றைக்கு நான் பேச நினைத்திருந்தது கோழிக்கூட்டைப் பற்றி. அதை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்கே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்த ஊரிலேயே இதில் ஒரு நாயைப் பறிகொடுத்தோம். அதில் என் பிழையும் இருக்கிறது.

முதலில் நேரான பதில். குழம்பில் போடுகிற அளவு மஞ்சள் நாயை ஒன்றும் செய்யாது. சோற்றில் ஒரு சிட்டிகை விழுந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே போன மஞ்சளில் பெரும் பகுதி உடம்பில் சேராமல் மலத்தோடு வெளியே போய்விடும். மஞ்சளில் வேலை செய்கிற சத்துக்குக் குர்குமின் என்று பெயர். அது தனியாகப் போனால் இரத்தத்தில் ஏறுவது மிகவும் கொஞ்சம். 1998இல் பெங்களூரில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகில் இருக்கிற சத்தைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் ஏறிய குர்குமின் இருபது மடங்காகக் கூடியதாம். நம் வீட்டுக் கிழவிகள் மஞ்சளையும் மிளகையும் சேர்த்தே இரசம் வைத்தது சும்மா இல்லை. வெளிநாட்டில் மூட்டு வலி உள்ள கிழட்டு நாய்களுக்கு மஞ்சள், மிளகு, தேங்காய் எண்ணெய் சேர்த்துக் களி மாதிரிக் கிண்டிக் கொடுக்கிறார்கள். அந்த அளவுக்குப் போனால் அது மருந்து. மருந்தென்றால் மிருக வைத்தியரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மஞ்சள் கூடினால் இரத்தம் உறைவது தாமதிக்கலாம். மூத்திரத்தில் கல் இருக்கிற நாய்க்கு ஆகாது. வேறு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதோடும் மோதலாம்.

புண்ணுக்குப் பூசலாமா என்றால், சின்னக் கீறல், சிராய்ப்புக்குப் பூசலாம். உப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு பூசுங்கள். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. 1995இல் அமெரிக்காவில் இதையே தங்கள் கண்டுபிடிப்பு என்று பேட்டன்ட் எடுத்தார்கள். இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், இது எங்கள் பாட்டிமாருக்கே தெரிந்த விஷயம் என்று பழைய ஏடுகளைக் காட்டி வாதாடியது. 1997இல் அந்தப் பேட்டன்ட் ரத்தானது. ஆனால் புழு வைத்த புண்ணுக்கும் ஆழமான கடிக்கும் மஞ்சள் போதாது. புழுப்புண்ணில் மேலே மஞ்சள் அப்பினால் புழு உள்ளே உள்ளே போகும். சொறி பிடித்த நாய்க்குச் சிலர் பழைய எஞ்சின் ஒயிலையும் மண்ணெண்ணெயையும் பூசுகிறார்கள். அது பச்சை நஞ்சு. நாய் நக்கும், வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துபோகும்.

இனி அந்த நாயின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். யுத்தத்தில் அவர் இழந்ததை இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை. மீள்குடியேற்றத்துக்கு வந்தபோது வெறுங்காணியும் கிணறும்தான் மிச்சம். எங்கிருந்தோ ஒரு கறுப்பு நாய்க்குட்டி வந்து ஒட்டிக்கொண்டது. வீரன் என்று பேர் வைத்தார். இங்கே இரவில் பாம்பு வரும், சில காலத்தில் யானையும் வரும். அந்த நாய் குரைக்கிற குரலை வைத்தே வந்தது என்னவென்று அந்த அம்மா சொல்லிவிடுவார்.

பக்கத்தில் ஒரு வீட்டில் குடிபுகுந்து, மறுநாள் சனிக்கிழமை ஆட்டிறைச்சிச் சமையல். ஊரே சாப்பிட்டது. இறைச்சிக் குழம்பென்றால் வெங்காயம் எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியும். கிடாரத்தின் அடியில் வெங்காயமும் பூண்டும் கரைந்து களியாகக் கிடந்தது. யாரோ ஒரு பெடியன் நல்ல மனதோடு அதைச் சுரண்டி, சோற்றில் பிசைந்து, வீரனுக்கு வாளியோடு வைத்தான். அன்றைக்கும் தின்றது, மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமையும் தின்றது. வாலை ஆட்டிக்கொண்டே தின்றது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வீரன் எழும்புதில்லை. சாப்பாடும் வேண்டாமாம். மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பருக்கினனான்" என்றார். நான் போய்ப் பார்த்தேன். காதுக்குள் நாலைந்து உண்ணி இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டேன். இந்தப் பக்கம் அது அடிக்கடி வருகிற நோய். "நல்லது அம்மா, மஞ்சளைத் தொடர்ந்து குடுங்கோ, நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பது வருஷம் மாட்டோடும் ஆட்டோடும் நின்றவன், அன்றைக்கு அந்த நாயின் உதட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அது முற்றத்தில் மூத்திரம் பெய்தது பிளேன்டீ நிறம். அப்போதும் உண்ணிக் காய்ச்சல் என்றே நினைத்தேன். அதிலும் மூத்திரம் சிவக்கும். வியாழக்கிழமை ஓட்டோவில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டு போனோம். மிருக வைத்தியர் முதலில் செய்த வேலை உதட்டைத் தூக்கியது. முரசு வெள்ளைக் கடுதாசி மாதிரி இருந்தது. ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் கிருமி இல்லை. சிவப்பணுக்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் மாதிரி இருந்தது. "நாலைந்து நாளைக்கு முதல் இது என்ன தின்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் செவ்வாய்க்கிழமை நான் கேட்டிருக்க வேண்டும். அன்று பின்னேரம் நாய் செத்துப்போனது.

மஞ்சள் அதைக் கொல்லவில்லை. கொன்றது வெங்காயம். மஞ்சள் குடிக்கிறது, சுகம் வரும் என்று இரண்டு நாள் நாங்கள் காத்திருந்தோம். அந்த இரண்டு நாள் கிடைத்திருந்தால் வைத்தியர் ஏதாவது செய்து பார்த்திருப்பார்.

வெங்காயம் நாய்க்கு நஞ்சா என்று சிலர் சிரிப்பீங்க. நாம் தினமும் தின்கிறோமே! சாக்லேட்டும் அப்படித்தான், நமக்கு இனிப்பு, நாய்க்கு நஞ்சு. வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் இருக்கிற கந்தகச் சத்து நாய், பூனை, மாடு இவற்றின் இரத்தத்துச் சிவப்பணுக்களைப் பழுதாக்கும். பழுதான அணுக்களை உடம்பே உடைத்துத் தள்ளிவிடும். உடைந்த சாயம் மூத்திரத்தில் இறங்கும், அதுதான் பிளேன்டீ நிறம். இரத்தம் குறையக் குறைய முரசு வெளிறும், மூச்சு வாங்கும், நிற்க முடியாமல் சாயும். சமைத்தாலும் நஞ்சு போகாது. காய வைத்தாலும், தூளாக்கினாலும், சூப் கட்டியில் இருந்தாலும் அதே நஞ்சுதான்.

இதில் மோசமான விஷயம், தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. இரண்டு நாள், மூன்று நாள், சில வேளை அதற்கும் பிறகுதான் சாயும். அதனால்தான் நம் ஊர்களில் யாரும் வெங்காயத்தைக் குற்றம் சொன்னதில்லை. சனிக்கிழமை தின்றதைச் செவ்வாய்க்கிழமை யார் நினைப்பார்கள்? கண்ணேறு, பாம்பு தீண்டிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரன் மருந்து வைத்துவிட்டான் என்றுதான் பேச்சுப் போகும். இதனால் சண்டை வந்த லயங்களும் இருக்கும்.

அளவைக் கேளுங்கள். நாயின் எடையில் கிலோ ஒன்றுக்குப் பதினைந்து முதல் முப்பது கிராம் வெங்காயம் போனால் இரத்தம் பழுதாகத் தொடங்கும். பதினைந்து கிலோ ஊர் நாய்க்குக் கால் கிலோ வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சோற்றில் ஒட்டி வருகிற இரண்டு துண்டால் பெரிய நாய் சாகாது, அதற்காக ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம். ஆனால் மூன்று கிலோக் குட்டிக்கு அரைவாசிப் பெரிய வெங்காயமே போதும். பூனை இன்னும் மோசம். கிலோவுக்கு ஐந்து கிராம்தான். மூன்று கிலோப் பூனைக்கு இரண்டு சின்ன வெங்காயம்! அதோடு, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் சேர்ந்து சேர்ந்து அதே வேலையைச் செய்யும். பூண்டு நிறைக்கு நிறை வெங்காயத்தை விட உக்கிரமானது. உண்ணி விழ, புழு விழ என்று பூண்டு இடித்துக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பூச்சி மாத்திரை விலை அதிகமில்லை.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். உங்களில் நிறையப் பேர் லயத்துக்குப் பின்னால் ஒரு பசு வைத்திருக்கிறீங்க. வெங்காயக் குடும்பத்துக்கு மாடு நாயைப் போலவே, இன்னும் சொன்னால் நாயை விடவும் தாங்காத பிராணி. செம்மறியும் வெள்ளாடும் ஓரளவு தாங்கும். வடக்கில் வெங்காயம் பிடுங்குகிற காலத்தில் அழுகலையும் தாளையும் குவியலாக மாட்டுக்குப் போடக்கூடாது என்று நான் சொல்லித் திரிந்ததுண்டு. உங்கள் நுவரெலியாப் பக்கத்தில் அதே இடத்தில் லீக்ஸ் இருக்கிறது. சந்தைக்கு லீக்ஸ் கழுவிக் கட்டும்போது வெட்டித் தள்ளுகிற இலையைச் சாக்கில் அள்ளி வந்து மாட்டுக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். புல் இல்லாத நாளில் அது மட்டுமே தீனியாகிவிடுகிறது. அப்படிச் செய்யாதீங்க. நிறையப் புல்லோடு ஒரு கைப்பிடி கலந்தால் பாதகமில்லை. ஆனால் பாலில் வெங்காய வாடை வரும், பால் எடுக்கிறவர் முகத்தைச் சுளிப்பார். சினை மாட்டுக்கு அதுவும் வேண்டாம்.

மாட்டைப் பற்றிச் சொல்லும்போது மஞ்சளுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மடிவீக்கத்துக்கு மஞ்சள் உண்மையிலேயே உதவுகிறது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல வருஷம் கிராமத்து வைத்தியத்தைச் சேகரித்துச் சோதித்துத் திருத்திக் கொடுத்த முறை இது. இந்தியாவின் தேசிய பால்வள வாரியமும் இதைப் பால் சங்கங்களில் பரப்பியது. கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச் சிவந்த விழுது வரும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிப் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடி முழுக்கப் பூசுங்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் புதிதாக அரைக்க வேண்டும். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தால், பாலில் இரத்தமோ சீழோ வந்தால், பூசிக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள். வீரனுக்கு நான் செய்த பிழையை உங்கள் மாட்டுக்கு நீங்கள் செய்யாதீங்க.

கண்டி, மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். உங்களுக்கு ஒன்று. சாதிக்காய் விழுந்து கிடந்தால் நாய்க்குட்டி கடிக்காமல் பாருங்கள். ஒரு முழுக் காயைத் தின்றால் நடுங்கும், வெறி பிடித்த மாதிரித் திரியும், வலிப்பும் வரலாம். கறுவாப்பட்டை கொஞ்சம் போனால் ஒன்றுமில்லை. மிளகாய்த் தூள் நஞ்சில்லை, ஆனால் மூக்கிலும் கண்ணிலும் எரியும். கோழியைத் திருடுகிறது என்று நாயின் முகத்தில் மிளகாய்த் தூள் எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதைச் செய்கிறவர் ஒரு தரம் தன் கண்ணில் போட்டுப் பார்க்கட்டும்.

மசாலா இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுக்காதீங்க. அரை மாத்திரையும் வேண்டாம். பனடோலைச் செரித்து வெளியே தள்ளுகிற சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

கடைத் தூளைப் பற்றி இரண்டு வார்த்தை. 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்களே, 2020இல் கிலோ ஆயிரக் கணக்கில் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நேரத்தில் அரிசி மாவும் கோதுமை மாவும் சாயமும் கலந்து மஞ்சள் என்று விற்றார்கள். பங்களாதேஷில் அதைவிட மோசம். கிழங்கு பளிச்சென்று இருக்க வேண்டுமென்று ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசியதை 2019இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குச் சந்தையில் எடுத்த மாதிரிகளில் கிட்டத்தட்டப் பாதியில் ஈயம் இருந்தது. அரசாங்கம் கடைகளைச் சோதித்துத் தண்டம் போட்ட பிறகு 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. ஈயம் பிள்ளையின் மூளைக்கும் கேடு, நாய்க்கும் கேடு. ஆகவே முடிந்தவர்கள் கிழங்காக வாங்கி இடியுங்கள், அல்லது நட்டு எடுங்கள்.

கடைசியாக, மஞ்சள் வைக்கவே கூடாத ஒரு இடம் இருக்கிறது. அது நாய் கடித்த மனிதனின் காயம். பிள்ளையைக் குட்டி நாய் கொஞ்சமாகக் கடித்தாலும், நகம் கீறினாலும், மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் அப்பாதீங்க. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரி. பிரட்டு முடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று தள்ளிப் போடக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். விசர் நாய்க்கடி நோய் வெளியே காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. உங்கள் நாய்க்கும் வருஷத்துக்கொரு ஊசி போடுங்கள்.

(கூட்டத்தில் ஒரு தாய், "அப்படின்னா நாய்க்கு என்னதான் போடுறது ஐயா? தனியாச் சமைக்க எங்களுக்கு ஏது நேரம்?" என்று கேட்டார்.)

நியாயமான கேள்வி, அம்மா. விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையை அனுப்பி, மலைக்கு ஏறுகிறவருக்கு நாய்க்குத் தனிச் சமையல் எங்கே வரும்? தனியாகச் சமைக்க வேண்டாம். தாளிக்கிறதற்கு முதல் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான். மீன் தலையை, இறைச்சிக் கொழுப்பை வெறும் தண்ணீரில் ஒரு கொதி கொதிக்க விட்டு, நாய்க்கு உள்ளதைச் சோற்றில் ஊற்றிவிட்டு, பிறகு வெங்காயம் போடுங்கள். பருப்பும் அப்படித்தான், வேக வைத்ததில் ஒரு அகப்பை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள் அதில் இருந்தால் இருக்கட்டும். விசேஷ வீடென்றால் கிடாரம் கழுவுகிற பெடியனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இப்போது எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் பந்தி நடந்தாலும், கறிச்சட்டி வழிக்கிறதைக் குழியில் கொட்டி மண் போடுகிறார்கள். அந்த அம்மாதான் நின்று பார்ப்பார்.

எதுவும் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் உதட்டைத் தூக்குங்கள். முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். கறுத்த முரசு உள்ள நாயென்றால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போனாலோ, அன்றைக்கே கொண்டு போங்கள். என்ன தின்றது, என்றைக்குத் தின்றது என்பதை ஒரு கடுதாசியில் எழுதிக் கொண்டு போனால் வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம்.

சரி, பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார். வாசலில் இரண்டு சாக்கில் விதை மஞ்சள் வைத்திருக்கிறோம். குடும்பத்துக்கு நாலு கிழங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கும்போது நட்டால் எட்டுப் பத்து மாதத்தில் இலை காயும், அப்போது கிண்டலாம். நல்ல குளிர் இடமென்றால் வளர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும், வெயில் படுகிற பக்கமாகப் பார்த்து நடுங்கள்.